பிரம்பு நாற்காலியும் என் தலையும்

இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பு நின்றுபோனவள் நான். நாலு பேர் கூடும் இடத்தில் பெயரைக் கேட்டால்கூட பக்கத்தில் இருப்பவர்தான் எனக்காகச் சொல்ல வேண்டியிருக்கும். அதிலும் காற்பந்தைப் பற்றி எழுதுவது கூடுதல் துணிச்சல், ஏனென்றால் ஒரு நாளும் ஒரு பந்தையும் நான் உதைத்ததில்லை. என்றாலும், ஒரு பயிற்றுநர் நெருக்கடியில் நிதானமாக இருக்கிறாரா இல்லையா என்ற விஷயத்தை, எங்கள் வட்டாரத்தில் என்னளவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் வேறு யாரும் இல்லை. அந்த ஓர் உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பிளாட்டின் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில், சுவர் அளவுத் திரையில் வெளிநாட்டு ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் மகனும் அவன் நண்பர்களும் மேசையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். “மூனு கோல் வாங்கியாச்சு, இந்தக் கோச் மூஞ்சியில ஒரு நரம்பாவது ஆடுதா பாரு” என்றான் ஒருவன். “அது நிதானம் இல்லடா, ஆளு உறைஞ்சு போயிட்டாரு” என்றான் இன்னொருவன். “இல்லலா, அதெல்லாம் பயிற்சி” என்றான் என் மகன். நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். படியேறும்போதே மூக்கில் தைல வாசனை அடித்தது.

ஆட்டக்காரர்கள் காலில் தேய்க்கும் தைலமும், மழையில் நனைந்த புல்லும், நறுக்கிவைத்த எலுமிச்சையும் கலந்த வாசனை அது. அதற்கு நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி பாரம் தாங்காமல் ‘கிரீச், கிரீச்’ என்று முனகும். என் ஒன்பதாவது வயதின் ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் இந்த வாசனையும் இந்தச் சத்தமும்தான்.

அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை செய்தார். காலையில் ஃபெரி ஏறிப் போய் இருட்டுவதற்குள் ஃபெரியிலேயே திரும்புவார். வாரக் கடைசியில் எங்கள் பிளாட்டுப் பையன்களின் காற்பந்து அணிக்கு அவர்தான் பயிற்றுநர். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் ‘கோச்’தான். அம்மாகூட எரிச்சல் வந்தால், “கேட்டுச்சா கோச்சு?” என்பாள். அணியில் இடது பக்கம் ஓடி ஆடுகிறவன் என் அண்ணன் குமார். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது.

அப்பாவின் கை வட்டாரத்தில் பெயர் பெற்ற கை. இரும்பு தூக்கித் தூக்கித் தடித்துப்போன கை. வாய்ச்சண்டை என்று ஒன்று அவருக்குத் தெரியாது. முதல் வார்த்தைக்கும் முதல் அடிக்கும் நடுவில், அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும் சத்தம் மட்டும் கேட்கும். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் குமார் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். அம்மாவின் இடதுகைச் சுண்டுவிரல் கடைசிவரை சரியாக மடங்கவே இல்லை. அது எப்படி ஆனது என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஓர் ஆட்டத்தில் கொடியைத் தப்பாகத் தூக்கிவிட்டார் என்று, கோட்டுக்கு வெளியே நின்ற லைன்ஸ்மேனை அந்தக் கொடிக்கம்பைப் பிடுங்கி அதனாலேயே அடித்தார் அப்பா. காது கிழிந்து அந்த மனிதரின் வெள்ளைச் சட்டை பாதி சிவப்பாகிவிட்டது. ‘மாத்தா’ என்று நாங்கள் சொல்லும் போலீஸ்காரர்கள் வந்து அவரைக் கொண்டுபோனார்கள். லாக்கப்பிலிருந்து அவர் திரும்பி வந்த அன்று அம்மா சோறு எடுத்துவைக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு, கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினாள்.

“டீம விட்ருங்கன்னு நான் சொல்லல, சொன்னாலும் நீங்க கேக்கப் போறதில்ல. ஆனா ஆட்டம் ஆரம்பிச்சா, முடிஞ்சு விசில் ஊதுற வரைக்கும் நாற்காலிய விட்டு எழுந்திரிக்கக் கூடாது. ஒக்காந்திருக்கிற மனுஷன் அடிக்கமாட்டான். இவ தலையில கைய வச்சுச் சொல்லுங்க.”

அப்பா என் தலையில் கை வைத்தார். கழுத்து உள்ளே இறங்கிவிடும்போல இருந்தது. கையில் இரும்புத்துரு வாசனை. “எழுந்திரிக்கமாட்டேன்” என்றார். கற்பூரம் எரிந்து அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: அப்பா எழுந்தால் நான் செத்துப்போவேன். யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை; அப்படியெல்லாம் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வீட்டுப் பிரம்பு நாற்காலி திடலுக்கு வந்தது. கைப்பிடி வைத்த, அம்மா சீதனமாகக் கொண்டுவந்த நாற்காலி. கோட்டின் ஓரத்தில் அதைப் போட்டு அப்பா உட்காருவார். அவருக்கு முன்னால், இரண்டடி தள்ளி, ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் நான். “கண்ணு முன்னாலயே இரு. அங்க இங்க போகாத” என்பார். ஆட்டத்தை என் தலைக்கு மேலாகத்தான் அவர் பார்த்தார். பின்னால் நாற்காலி கிரீச்சிடும்போதெல்லாம் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வேன். பந்து எங்கே போகிறது, யார் கோல் போட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை கோபத்தால் அல்ல, சந்தோஷத்தால் தவறு நேர்ந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் குமார் கோல் போட்டான். அப்பா தன்னை மறந்து இடுப்பைத் தூக்கிவிட்டார். முழுதாக எழவில்லை, பாதிதான். உடனே நெருப்பில் உட்கார்ந்தவர்போலத் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அடுத்த சில நாட்களில் எனக்கு அம்மை போட்டது. உடம்பு முழுக்கக் கொப்புளம். பிளாட்டில் வேறு பிள்ளைகளுக்கும் அப்போது அம்மைதான், ஆனால் அது எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு பொருட்டாகப் படவில்லை. அப்பா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக்கொண்டே இருந்தார். அம்மா அவரைத் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

அதன்பிறகு அப்பா ஆணி அடித்ததுபோல உட்கார்ந்தார். குமாரை யார் தள்ளினாலும், நடுவர் எதை ஊதினாலும், எதிரணி ஆட்கள் எங்கள் அம்மாவை இழுத்து வைதாலும், அசையவில்லை. இது ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைத் தாண்டி ஒரு சந்தில், சுவரோடு ஒட்டிப் போட்ட தேநீர்க்கடையாக, மீரான் பாயின் ஒட்டுக்கடை இருந்தது. எங்கள் அணியின் ரசிகர்கள் அங்கேதான் கூடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பிளாஸ்டிக் பையில் தேநீரைக் கட்டித் தரும் ‘புங்குஸ்’ வாங்க அம்மா என்னை அங்கே அனுப்புவாள். எப்போது போனாலும் அப்பாவைப் பற்றித்தான் பேச்சு ஓடும். ஒரு பக்கம் லாரியில் மூட்டை ஏற்றும் முனியாண்டி அண்ணன், இன்னொரு பக்கம் தில்லையம்பலம் என்ற யாழ்ப்பாணத்துக் கிராணியார். பழைய கணக்கர், வேலை ஓய்ந்த பிறகும் கால்சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போடுகிறவர்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை நான் போனபோது முனியாண்டி அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“அவரு கோச்சா, இல்ல கோயில் வாசல்ல வச்ச செலையா? பையன் கால ஒடிக்கிறானுங்க, இவரு மடியில கைய வச்சிக்கிட்டுக் காத்து வாங்குறாரு. கோச்சுன்னா கத்தணும்லா! கோச் கத்துனாத்தான் ஆடுறவனுக்கு ரத்தம் ஓடும்!”

“உமக்கு விளங்காது முனியாண்டி. கோச் பதறினால் பதினொரு பேரும் பதறுவினம். அவர் நிதானமான மனுசன். அது பிறவிக்குணம், கண்டீரோ?”

“பிறவிக்குணமா? அந்த லைன்ஸ்மேனோட காதக் கேளுங்க கிராணியாரே, பிறவிக்குணத்தப் பத்தி நல்லாச் சொல்லும்.”

கடை முழுக்கச் சிரிப்பு. மீரான் பாய் தேநீரை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே, “ஆஸ்பத்திரியில ஏதோ மாத்திரை குடுக்குறாங்களாம்பா” என்றார்.

“மாத்திரையும் இல்ல மண்ணும் இல்ல பாய். லாக்கப்புல வாங்குன அடி. ஆளு பயந்துட்டாரு.”

பயம் என்ற சொல்லைக் கிராணியாரால் பொறுக்க முடியவில்லை. “பயத்தைப் பற்றி நீர் கதைக்கிறீரோ? வீட்டில மனுசி கூப்பிட்டால் லொறிக்குக் கீழ போய்ப் படுக்கிற ஆள் நீர்!” என்றார்.

கொதிக்கும் தேநீர்க் கிளாஸ் கிராணியாரின் முகத்தில் போய் உடைந்தது. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்தார். கிராணியார் பக்கத்து ஆட்கள் முக்காலியைத் தூக்கி முனியாண்டி அண்ணனின் மண்டையில் போட்டார்கள். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று தெரியவில்லை. மீரான் பாய் சாம்பார் அகப்பையோடு நடுவில் புகுந்து இரண்டு பக்கத்தையும் சாத்தினார். சிமெண்டுத் தரையில் தேநீரும் ரத்தமும் ஒன்றாக ஓடி என் செருப்பு வரைக்கும் வந்தன. ஒரு மனிதர் நிதானமானவரா பயந்தவரா என்பதற்காக இத்தனை மண்டைகள் உடைந்தன. பதிலோ புங்குஸ் பையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றிருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இறுதி ஆட்டம் கடலுக்கு அந்தப் பக்கத்து அணியோடு. மதியம் பெய்த மழையில் திடல் சேறாகிக் கிடந்தது. எதிரணியில் ‘தூண்’ என்று பட்டப்பெயர் வைத்த ஒரு தடுப்பாட்டக்காரன் இருந்தான். குமார் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டதால் தூணுக்கு அதற்குப் பிறகு பந்து தேவைப்படவில்லை, குமாரின் கால்தான் தேவைப்பட்டது. முட்டியில் ஒன்று, கணுக்காலில் ஒன்று, முதுகில் முழங்கையால் ஒன்று. ஒவ்வோர் அடிக்கும் எனக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

இரண்டாம் பாதியில் குமார் வழுக்கி விழுந்தான். எங்களுக்கு நேர் எதிரே, நடுத்திடலில். தூண் ஓடிவந்து, நிற்காமல், ஆணி வைத்த காலணியோடு அவன் முகத்தில் மிதித்தான். பலகை பிளப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஊதுவதற்குள் இரண்டு பக்கக் கூட்டமும் உள்ளே பாய்ந்துவிட்டது. குடை, கொடிக்கம்பு, சோடா பாட்டில், பெல்ட், கையில் கிடைத்ததெல்லாம் காற்றில் பறந்தது. உயிர் பிழைக்க ஓடிவந்த நடுவரின் சட்டைக் காலரை எங்கள் பக்கத்தில் ஒருவன் எட்டிப் பிடித்தான். கழுத்துக் கயிறு அறுந்து விசில் கோட்டின் ஓரத்துச் சேற்றில் விழுந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. கடைகளுக்குப் பின்னால் ஓடிப் பெரிய சாலையில் மறைந்துவிட்டார்.

குமார் கால்களுக்கு நடுவில் கிடந்தான். எழ முயன்றபோதெல்லாம் யாராவது அவன்மேல் விழுந்தார்கள், யாராவது மிதித்தார்கள்.

மண்டையில் கட்டோடு முனியாண்டி அண்ணன் ஓடிவந்து அப்பாவின் முகத்துக்கு நேரே கத்தினார். “எழுந்திரு கோச்! ஒன் மவன மிதிச்சே கொல்றானுங்கய்யா! நீயெல்லாம் மனுஷனா?” கன்னமெல்லாம் வெந்த காயமும், ஒட்டுப்போட்ட மூக்குக்கண்ணாடியுமாக அவருக்குப் பின்னாலேயே கிராணியார் வந்தார். நிதானம், நிதானம் என்று சொல்லி அடி வாங்கிய அதே மனிதர் இப்போது அழுதுகொண்டு, “எழும்புங்கோ கோச், இனியும் இருக்கேலாது, எழும்புங்கோ” என்று அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் ஒரே கட்சியில் நின்று அன்றுதான் பார்த்தேன்.

அப்பா அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “எழுந்திரிங்கப்பா” என்றேன். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். பிறகு இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்து, நாற்காலியைத் தன் உடம்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, குதிகாலை ஊன்றி ஓரடி நகர்ந்தார். இன்னோர் அடி. கோட்டைத் தாண்டித் திடலுக்குள் போனார், உட்கார்ந்தபடியே.

அந்த ரத்தக்களரியிலும் சிலர் சிரித்தார்கள். கண் முன்னாலேயே இரு என்று அவர் சொல்லியிருந்ததால், அவர் பார்வையை விட்டு அகலாமல் நான் அவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தேன். நாற்காலிக் கால்கள் சேற்றில் புதைந்து புதைந்து வெளியே வந்தன. ஒருவன் குடையால் அவர் கழுத்தில் அடித்தான். கொடிக்கம்பு ஒன்று அவர் முதுகில் முறிந்தது. அவர் கை கைப்பிடியை விட்டு நகரவில்லை. முனியாண்டி அண்ணன் அவமானம் தாங்காமல், “த்தூ!” என்று காறித் துப்பி நாற்காலியை எட்டி உதைத்தார், ஒரு கால் முறிந்து நாற்காலி சாய்ந்தது. அப்பா சாய்ந்தபடியே அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்று காலில் போனார். அப்போது எங்கிருந்தோ வந்த கல் ஒன்று என் தோளில் விழுந்தது. அப்பாவின் உடம்பு அப்படியே விறைத்தது. நாற்காலி பெரிதாக ஒரு சத்தம் போட்டது. நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் எழவில்லை.

குமாரிடம் போய்ச் சேர்ந்ததும் அவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி மடியில் போட்டு, அவன்மேல் குனிந்து மூடிக்கொண்டார். தூணும் இன்னும் சிலரும் அந்த முதுகைக் கை வலிக்கும்வரை அடித்தார்கள்.

மாத்தா வண்டிகள் வந்தன. கூட்டம் சிதறி ஓடியது. நடுத்திடலில் மிச்சம் இருந்தது நாங்கள் மட்டும்தான். ஒரு போலீஸ்காரர் தடியை ஓங்கிக்கொண்டு வந்து எழுந்திருக்கச் சொன்னார்: “பாங்குன்! பாங்குன்!” அப்பா நிமிர்ந்து பார்த்து, “பெலும் ஹாபிஸ், துவான்” என்றார். இன்னும் முடியவில்லை ஐயா, என்று பொருள். திடலில் ஆட்டமும் இல்லை, ஆட்டக்காரர்களும் இல்லை. போலீஸ்காரர் தன்னைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. “பெலும் ஹாபிஸ்” என்றார் அப்பா மறுபடியும். இன்னோர் அடி. குமாரின் வாயிலிருந்து ரத்தம் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. விசில் ஊதவில்லை. ஊத வேண்டியவர் அந்நேரம் ஊரைத் தாண்டியிருப்பார்.

நான் ஓடினேன். அப்பாவின் கண்ணை விட்டு நான் அகன்றது அந்த ஒரு முறைதான். கோட்டின் ஓரத்தில் சேற்றைத் தோண்டினேன். கயிறு முதலில் கையில் பட்டது. விசிலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து அப்பாவின் முன்னால் நின்று ஊதினேன். முதலில் சேறுதான் வந்தது. துப்பிவிட்டு, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து நீளமாக ஊதினேன். ஓங்கிய தடியோடு போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

அப்பா என் வாயில் இருந்த விசிலைப் பார்த்தார். அப்புறம் என் தலையைப் பார்த்தார். யார் தலையில் சத்தியம் செய்தாரோ அவளே ஊதிய விசில் செல்லுமா செல்லாதா என்று அவர் யோசித்திருக்க வேண்டும். பிறகு குமாரைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். சேற்றில் ஒட்டிக்கொண்ட நாற்காலியும் அவரோடு சேர்ந்து கொஞ்சம் எழுந்து, கீழே விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை வண்டியில் ஒரு கை குமாரின் தாடையைத் தாங்கியிருந்தது, இன்னொரு கை என் தலைமேல் இருந்தது.

அணியைத் தடை செய்துவிட்டார்கள். அதன்பிறகு அப்பா யாரையும் அடிக்கவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். அடித்தார். ஆனால் திடல் பக்கம் போகவில்லை. மீரான் பாய் கடையில் மட்டும் சண்டை ஓயவில்லை. “பைத்தியம்லா அது, நாற்காலியோட ஊர்ந்து போனத என் கண்ணால பாத்தேன்” என்பார் முனியாண்டி அண்ணன். “உலகத்தில அப்பிடியொரு நிதானத்தை நான் காணேல்லை” என்பார், அழுததை மறந்துவிட்ட கிராணியார். பல வருஷம் கழித்து அப்பாவின் சாவு வீட்டில்கூட, கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு கிழவர்களும் இதையேதான் பேசினார்கள். நான் அவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சத்தியத்தைப் பற்றி அம்மா யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. குமார் இப்போது கெப்பாலா பத்தாஸில் இருக்கிறான். சாப்பிடும்போது தாடை இன்னும் ‘டக்’ என்கிறது.

அந்தத் திடலில் இன்று கார்கள் நிற்கின்றன. ஒட்டுக்கடை இருந்த சந்தில் கைப்பேசி விற்கிறார்கள். முனியாண்டி அண்ணனும் கிராணியாரும் இல்லை. பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்குவார்கள் என்று சொன்னால் என் மகன் சிரிக்கிறான். இப்போதெல்லாம் நிதானத்தைப் பற்றி ரசிகர்கள் பேசுவது, தாங்கள் ஒரு நாளும் தொட்டுப் பார்க்க முடியாத ஊர்களில் கோட்டு சூட்டோடு நிற்கும் பயிற்றுநர்களைப் பற்றி. திரையில் அவர்கள் முகம் மட்டும்தான் பெரிதாகத் தெரிகிறது. அந்த முகத்துக்கு முன்னால், கீழே, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுவதில்லை. நான் அங்கேதான் தேடுகிறேன்.

அந்த ஆட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. காலையில் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு அப்பா தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. சடை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.